பதினோரு அங்குலப் புளியமரம்

உசிலம்பட்டி,
மார்கழி 21.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு,

மாமனார் கருத்தக்கண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நீங்கள் விட்டுப்போன புளியமரமும் நலம். மூவரில் யார் அதிக நலம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே சண்டிகரில் நீங்களும் மகள் தமிழ்ச்செல்வியும் கம்பளிக்குள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும், "சரிங்க மாமா, மரம் எப்பிடி இருக்கு" என்றுதான் கேட்கிறீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது.

வேலை மாற்றலாகிப் போகும்போது மரத்தை விமானத்தில் ஏற்ற விடவில்லை என்று ஐப்பசியில் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தீர்கள். சின்னத் தொட்டியில் பத்தொன்பது வருடம் வளர்த்தும் பதினோரு அங்குலத்தைத் தாண்டாத மரம். என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் கம்பியில் உரசுகிற கிளையையெல்லாம் ஏணி போட்டு ஏறி வெட்டினவன். அப்படிப்பட்டவன் கையில் மீசை நறுக்குகிற அளவுக்கு ஒரு கத்தரியைக் கொடுத்து, ரெண்டு இலைக்கு மேல் வெட்டிவிடாதீர்கள் என்று எச்சரித்தீர்கள். மாப்பிள்ளை ஆயிற்றே என்று வாங்கிக்கொண்டேன். கூடவே குளிர்காலப் பராமரிப்பு என்று ஒரு தாள். கார்த்திகை பிறந்ததும் மரத்தை வீட்டுக்குள் வைக்க வேண்டும், குளிர் முழுக்கப் போகும்வரை இடம் மாற்றக் கூடாது, காற்று நேராகப் படக் கூடாது, சன்னலில் பனி உறைந்தால் ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும். பனிக்கட்டி பெய்கிற தேசத்துக்காரன் எவனோ எழுதியதை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் சன்னலில் படிவது டவுன் பஸ் கிளப்புகிற புழுதி ஒன்றுதான். ஆனாலும் கிளம்புகிற அன்று தமிழ்ச்செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, என்னையப் பாக்குறதுக்கு முந்தியே அவரு வளத்த மரம். அதுக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா அவரு மொகத்த என்னால பாக்க முடியாது" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத் தாளில் உள்ளபடியே எல்லாம் செய்தேன்.

கிழக்குச் சன்னல் உள்ள ஒரே அறையில் மரம் குடியேறியது. அது நான் படுக்கிற அறை. காற்று படக் கூடாது என்பதால் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினேன். பகலில் முப்பது டிகிரி. மத்தியானம் பனியனைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டு நான் குளிர்காலத்தை அனுபவித்தேன். உங்கள் அத்தை தங்கப்பொண்ணு அந்த அறைக்குள் வர மறுத்துவிட்டாள். புளியமரத்தில் பேய் இருக்கும் என்கிறாள். பதினோரு அங்குலத்தில் எந்தப் பேய் காலை நீட்டும் என்று கேட்டேன். "பேய்க்கு ஏது காலு" என்றாள். பொழுது சாய்ந்ததும் மரம் இலையை மூடிக்கொள்வதை வாசலில் நின்றே பார்த்துவிட்டு, அதுதான் அத்தாட்சி என்றாள். எல்லாப் புளியமரமும் அப்படித்தானே மூடும் என்றேன். எல்லாப் புளியமரத்திலும்தானே பேய் இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு என் காப்பி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை, நானே எழுந்துபோய் எடுத்துக்கொண்டேன்.

இந்த விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி, பக்கத்து வீட்டு இருளாயியிடம் உங்கள் அத்தை சொல்லியிருக்கிறாள். ரெண்டே நாளில் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஆண்டிச்சாமி என்கிற பேயோட்டுகிற கோடாங்கி, உடுக்கையும் துணிப்பையுமாக ஒரு புருசன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். நீங்கள் டவுன்காரர், அதனால் சொல்கிறேன். பேய் பிடித்தவர் தலைமுடியில் ஒரு கொத்தை எடுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தால் பேய் அதோடு மரத்தில் நின்றுவிடும் என்பது இங்கே வழக்கம். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அவர் பக்கத்துப் புளியமரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்களாம், தொழிலுக்கு மரமே இல்லையாம். பேய் பிடித்ததாகச் சொன்னது அந்தப் புருசனுக்கு, மொக்கையன் என்று பெயர். நாற்பது நாளாக யாரோடும் பேசுவதில்லை, வேலைக்குப் போவதில்லை, சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று அந்தப் பெண் அழுதாள். எனக்கு அது பென்சன் வாங்குகிறவன் லட்சணமாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆண்டிச்சாமி பையிலிருந்து சுத்தியலையும் ஆறு அங்குல ஆணியையும் எடுத்தார். அப்புறம்தான் மரத்தைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார், மறுபடி மரத்தைப் பார்த்தார். நான் தொட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டேன். அந்த ஆணி இறங்கினால் மரம் ரெண்டாகப் பிளக்கும், பிளந்தால் தமிழ்ச்செல்விக்கு என்ன பதில் சொல்வேன்?

"ஆணி வேணாம்ணே. சின்னப் பேய்தான். குண்டூசி போதும்" என்றார்.

குண்டூசியும் கூடாது என்றேன். நூலில் கட்டிக்கொள்கிறேன் என்று இறங்கிவந்தார். குனிந்து கிளையைத் தேடியவர், வளைவுக்காக நீங்கள் சுற்றிவைத்த செம்புக் கம்பியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார்.

"ஏற்கெனவே ஒன்னக் கட்டி வச்சிருக்காகளே. யாரு கட்டுனது?"

"என் மாப்ள."

"நல்ல தொழில்காரரு" என்று மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உங்களுக்கு இந்தப் பக்கத்தில் இப்போது நல்ல பெயர்.

இதற்குள் மொக்கையன் மெதுவாக வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "இது காய்க்குமாண்ணே" என்று கேட்டான். நாற்பது நாளில் அவன் பேசிய முதல் பேச்சு அது. அவன் பெண்டாட்டி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பேய் ஆணி இல்லாமலே மரத்தில் இறங்கிவிட்டது என்று ஆண்டிச்சாமி அறிவித்துவிட்டு, மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டார். மொக்கையன் திங்கட்கிழமை வேலைக்குப் போனானாம். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அதற்கப்புறம் செவ்வாய், வெள்ளி ஆனால் என் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். காற்று புகாத அறையில் தூபக்காலை வைத்துச் சாம்பிராணி போடுகிறார்கள். நான் வேட்டியைச் சரிசெய்துகொள்ளக்கூட இடம் இல்லை.

ரெண்டு வாரத்தில் இலை கொட்ட ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலையணையெல்லாம் புளிய இலை. கடைசியில் ஒரே ஒரு கிளையில் மட்டும் பச்சை நின்றது. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது, பேயை நினைத்து அல்ல, மகளை நினைத்து. தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். பின்னாலேயே உங்கள் அத்தை மாடியேறி வந்தாள். கையில் அரிசி கழுவிய தண்ணீர்.

"பேயோ என்னமோ, வெறும் பச்சத்தண்ணியக் குடிச்சுட்டு அது எம்புட்டு நாளைக்குக் கெடக்கும்" என்று சொல்லி ஊற்றினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் கணுவுக்குக் கணு கடுகளவு சிவப்பாகத் துளிர் விட்டிருந்தது. நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன் மாப்பிள்ளை. மாடியில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். அதைப் பக்கத்து மாடியிலிருந்து பார்த்த இருளாயி, அந்தப் பேய் இப்போது என்னைப் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

ஆகவே, எனக்கு அறுபத்துமூன்று வயதாகிறது, இந்தப் பாடு என்னால் ஆகாது. மதுரையில் உங்கள் சினேகிதர் அப்துல் ஹலீம் இதேபோல மாடியில் மரம் வளர்க்கிறார், கேட்டால் வைத்துக்கொள்வார் என்று சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் வந்து எடுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் ரோட்டோரம் தரையில் நட்டுவிடுவேன். கம்பி உயரத்துக்கு வளர்ந்ததும் எங்கள் ஆட்களே வந்து வெட்டிவிடுவார்கள்.

மரம் பிழைத்துவிட்டது என்று தமிழ்ச்செல்வியிடம் முதலில் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ உங்கள் அத்தையும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நலத்தையும் என் மத்தியானத் தூக்கத்தையும் நாடும்,
கருத்தக்கண்ணன்.

பி.கு.: இதை ஒட்டித் தபாலில் சேர்ப்பதற்குள், போனில் நான் அலுத்துக்கொண்டதை வைத்து நீங்களே சொல்லியனுப்பியதாக அப்துல் ஹலீம் இன்று காலையிலேயே காரில் கூடையோடு வந்துவிட்டார். நல்ல மனிதர். வேர்த்து விறுவிறுத்து வந்தவருக்கு உங்கள் அத்தை ரெண்டு தம்ளர் மோர் கொடுத்தாள். பெட்டியிலிருந்து உங்கள் தாளை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். குளிர் முழுக்கப் போகும்வரை மரத்தை இடம் மாற்றக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். வெறுங்கூடையோடு அனுப்பிவிட்டேன். நான் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றதாக அவர் போனில் சொன்னால் நம்பாதீர்கள், கட்டிப் பிடித்தது உங்கள் அத்தை. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். வேறு யாரையும் அனுப்பவும் வேண்டாம். இந்த வருடம் உசிலம்பட்டியில் குளிர் ஆடி மாதம் வரைக்கும் இருக்கும் போலிருக்கிறது.