பந்து வராத பக்கம்

"ஏம்ப்பா கிளெமென்ட்டு, இந்தப் பய ஆடுறானா, இல்ல வேடிக்கை பாக்குறானா?"

பிரிஸ்கில்லா டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் குற்றமில்லை. கம்ப்யூட்டர் திரையில் அமெரிக்கப் பையன்கள் ஹெல்மெட்டும் தோள்கட்டுமாக ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து அங்கும் இங்கும் பறந்தது. இருபத்தேழாம் நம்பர் சட்டைக்காரன் பக்கம் மட்டும் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆடுறான் டீச்சர். நல்லாப் பாருங்க" என்றான் கிளெமென்ட்.

"மூணு ஆட்டம் பாத்தாச்சு. ஓடுறான், நிக்கிறான், தண்ணி குடிக்கிறான். பந்து வந்தாத்தான மார்க் போட?"

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது கிளெமென்ட்டின் ஆபீஸ். அமெரிக்காவில் கையால் எறிந்து ஆடும் ஃபுட்பால் ஆட்டங்களின் வீடியோ அங்கே வரும். யார் எறிந்தான், யார் பிடித்தான், யார் யாரை மல்லாத்தினான் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். பக்கத்து நாற்காலி ரீனாவைப் போன்ற சின்னப் பெண்கள் பார்க்கிற வேலை. ரிட்டயரான பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் டீச்சரும் வந்து சேர்ந்துகொண்டார். கிளெமென்ட் அவரிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன்; படித்தவன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

இந்த முறை வந்த வேலை புதுசு. அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணியிலிருந்து கிரெக் என்பவர் கேட்டிருந்தார்: இருபத்தேழாம் நம்பர் பையன் கார்னர்பேக்காக எப்படி? அவனுடைய கவரேஜுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?

கார்னர்பேக் என்றால் என்னவென்று ரீனாதான் டீச்சருக்கு விளக்கினாள்.

"மைதானத்து ஓரத்துல நிப்பான் டீச்சர். எதிர் டீம்ல பந்தப் பிடிக்க ஒருத்தன் ஓடி வருவான்ல, அவன்கூடவே ஒட்டிக்கிட்டு ஓடணும். அதுதான் கவரேஜ். கல்யாணத்துல துணை மாப்பிள்ளை மாப்பிள்ளைய விட்டு நகராம நிப்பான்ல, அது மாதிரி."

"அம்புட்டுத்தானா?"

"ஆனா மாப்பிள்ளைக்குச் சோறு கிடைக்க விடக் கூடாது."

டீச்சருக்கு அது விளங்கிவிட்டது. விளங்காதது வேறு. "இவன் வேற காலேஜ்ல ஆடுறான். கிரெக்கு வேற காலேஜ். அவருக்கு இவன் மார்க்கு எதுக்கு?"

"எதுக்குக் கேப்பாங்க டீச்சர்? அவங்க டீமுக்கு இழுத்துக்கலாமா வேண்டாமான்னுதான்" என்றான் கிளெமென்ட். "உங்க மார்க்குலதான் அந்தப் பய வாழ்க்கையே இருக்கு. சாயங்காலம் குடுத்துருங்க."

வாழ்க்கை என்றதும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு ஆட்டத்தையும் ஓட்டிப் பார்த்தார். பந்து வரவில்லை. 'பந்து வரவில்லை. மதிப்பிட இயலாது' என்று எழுதிக் கொடுத்தார்.

கிளெமென்ட் அதை வாசித்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "டீச்சர், அரைப் பரீட்சைல நான் வெறும் தாளக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"மறக்குற தாளா அது?"

"அதுல 'மதிப்பிட இயலாது'ன்னா எழுதுனீங்க?"

"சைபர் போட்டேன். நீ ஒண்ணும் எழுதல, போட்டேன்."

"இவன் மட்டும் என்ன எழுதிக் கிழிச்சான்?"

டீச்சர் பேனாவை மறுபடி எடுத்தார். பணிக்காலம் முழுக்க வெறும் தாளுக்குச் சைபர் போட்டவர். அமெரிக்காக்காரன் என்பதற்காக முறையை மாற்றினால் திண்டுக்கல் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம் ஆகிவிடாதா? ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று, கையெழுத்துக்குப் போடுகிற மாதிரி, இரண்டு மார்க் போட்டார். கீழே குறிப்பும் எழுதினார்: 'முயற்சி போதாது. பந்தைக் கவனிப்பதில்லை, எந்நேரமும் பக்கத்துப் பையனையே பார்க்கிறான். எதிர் அணியினரே இவனை ஒரு ஆளாக மதிப்பதாகத் தெரியவில்லை. இவன் பக்கம் பந்தைப் போட்டுச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.'

ரீனா அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் ஆபீஸில் சமோசா வாசம். கிரெக்குக்கு ரொம்ப சந்தோஷமாம். எங்கள் ஆட்கள் ஒருவர் கண்ணிலும் படாததை உங்கள் மேடம் கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதியிருந்தாராம்.

டீச்சர் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "பய ரெண்டு மார்க் வாங்குனதுக்கு அவருக்கு எதுக்குப்பா இம்புட்டுச் சந்தோசம்? ரேங்க் கார்டப் பாத்து இப்படிச் சிரிச்ச ஆள நான் பாத்ததில்லையே."

"வேண்டாம்னு தள்ள ஒரு காரணம் கிடைச்சிருச்சுல்ல டீச்சர். சாப்புடுங்க, ஆறிரும்."

அவருக்கு இறங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், கணவர் பவுல்ராஜின் இரும்புக் கடையில் செத்த நேரம் உட்கார்ந்தார். கன்னிவாடியிலிருந்து சங்கிலி என்ற விவசாயி ஒரு பெரிய பூட்டைக் கல்லா மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"இதத் திருப்பி எடுத்துக்கிட்டு வேறொண்ணு குடுங்கண்ணே."

"ஏன், தொறக்கலையா?" என்றார் பவுல்ராஜ்.

"தொறக்குது."

"பூட்டலையா?"

"சும்மா ஜம்முன்னு பூட்டுது."

"பெறகு என்னப்பா ஒனக்கு வலிக்குது?"

"எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் திருடன் பூந்துட்டான்ணே. எதுத்த வீட்டுல, பக்கத்து வீட்டுல, அதுக்கும் அந்தப் பக்கம். எங்க வீட்டுல மட்டும் கை வைக்கவே இல்ல. அப்ப இது நல்ல பூட்டா, நொள்ளப் பூட்டான்னு நான் எப்படிக் கண்டுக்கிறது?"

பவுல்ராஜ் மூச்சை இழுத்து விட்டார். "ஏப்பா சங்கிலி, இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும் ஒனக்கு? திருடனே குடுத்துட்டுப் போயிருக்கான்."

டீச்சர் எழுந்துவிட்டார்.

"எங்க போற? டீ சொல்லிருக்கேன்."

"நீங்களும் சங்கிலியும் குடிங்க. நான் ஒரு பயலக் கொன்னுட்டு வந்திருக்கேன்."

பவுல்ராஜும் சங்கிலியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் அதற்குள் பாதித் தெரு போயிருந்தார்.

ஆபீஸில் மறுபடி வீடியோவைப் போட்டார். இந்தத் தடவை இருபத்தேழைப் பார்க்கவில்லை. பந்தை எறிகிற எதிர் அணிக்காரனைப் பார்த்தார். அவன் கையை ஓங்குகிறான். இருபத்தேழு நிற்கிற பக்கம் தலை திரும்புகிறது. அங்கே இருபத்தேழு தன் ஆளோடு சட்டையும் பித்தானுமாக ஒட்டிக்கொண்டு ஓடுகிறான். எறிகிறவன் தலை சட்டென்று வேறு பக்கம் திரும்புகிறது. பந்து அங்கே போகிறது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"கிளெமென்ட்டு, இது வெறுந்தாள் இல்லப்பா. இவன்கிட்டக் கேள்வி கேக்கவே பயப்படுறாங்க. ஒம்பதரை போடணும்."

"டீச்சர், ரெண்டுன்னு சொல்லிச் சமோசாவே சாப்புட்டாச்சு. இப்ப ஒம்பதரைன்னா நம்மளக் காறித் துப்புவாங்க."

"மார்க் கூட்டுனதுல தப்புன்னா திருத்துறது இல்லையா?"

"பரீட்சைப் பேப்பர் இல்ல இது, பிசினஸ்."

அவன் நகர்ந்ததும் டீச்சர் ரீனாவை ஒரு பார்வை பார்த்தார். ரீனா தட்டச்சுப் பலகையைப் பக்கத்தில் இழுத்தாள். ஒன்பதரை என்று திருத்திய ரிப்போர்ட் கிளம்பிவிட்டது.

"அந்த அரை மார்க்க எதுக்கு டீச்சர் பிடிச்சுக்கிட்டீங்க?"

"முழு மார்க் யாருக்கும் போட்டுப் பழக்கமில்ல."

இரண்டா, ஒன்பதரையா என்று கிரெக்கிடமிருந்து கேள்வி வந்தது. கிளெமென்ட்டுக்கு வியர்த்துவிட்டது. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதில் போட்டான்: முதலில் சொன்னதுதான் சரி, இரண்டாவது, காய்ச்சலில் இருந்த ஊழியர் ஒருவர் தவறுதலாக அனுப்பியது. கிரெக் நன்றி சொன்னார். இரண்டு தடவை சரிபார்த்துச் சொன்னதால் நம்பிக்கை இரட்டிப்பாகிவிட்டதாம்.

"எனக்கா காச்சலு?" என்றார் டீச்சர்.

"எனக்குத்தான் வருது டீச்சர். விட்டுருங்க."

அவர் விடவில்லை. அடுத்த நாள் கிரெக் வீடியோ காலில் வந்தபோது கிளெமென்ட்டின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். தொப்பி போட்ட, கழுத்தே இல்லாத ஒரு மனிதர் திரையில் சிரித்தார். டீச்சர் வகுப்பறை இங்கிலீஷில் கன்னிவாடிப் பூட்டின் கதையை முழுசாகச் சொன்னார். எதிர் வீடு, பக்கத்து வீடு எதையும் விடவில்லை. கிரெக் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், உங்களுக்கு ரொம்ப இளகின மனசு" என்றார் கடைசியில். "பையன் மேல் இரக்கப்பட்டு மார்க்கைக் கூட்டுகிறீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் முடிவு எடுத்துவிட்டோம். சனிக்கிழமை ஆட்டத்தில் நேரிலேயே பார்க்கப் போகிறோம், நீங்கள் எழுதியதில் ஒரு வரியும் மாற்றாமல்."

திரை அணைந்தது.

"போச்சு" என்றார் டீச்சர்.

"என்ன போச்சு? நேர்ல பாக்க வாராங்கல்ல, நல்லதுதான?"

"நேர்ல வந்து என்னத்தப் பாக்க? அன்னிக்கும் எவனும் பந்து போட மாட்டான். இவன் சும்மா ஓடிட்டு நிப்பான். அந்தம்மா சரியாத்தான் ரெண்டு போட்டிருக்குன்னு எழுந்து போயிருவாங்க. படுபாவி, இம்புட்டு நல்லா ஆடாம இருந்திருக்கக் கூடாதா?"

சனிக்கிழமை டீச்சர் கோயிலுக்குப் போய் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். முழங்கை நீளம் இருந்தது அது.

பவுல்ராஜ் மெழுகுவர்த்தியை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம பய பன்னெண்டாப்புப் பரீட்சைக்குக்கூட நீ இம்புட்டுப் பெருசு வாங்கல."

"அவனுக்குக் கேள்வித்தாளு வந்துச்சு. இவனுக்கு அதுக்குத்தான் வேண்டிக்கிறேன்."

"அந்தோணியாருக்கு அந்த ஆட்டம் தெரியுமா?"

"தொலைஞ்ச சாமானக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு. இவன் பந்து எங்க தொலைஞ்சுச்சுன்னு பாக்கட்டும். செத்த பேசாம முட்டி போடுங்க."

திங்கட்கிழமை அந்த ஆட்டத்தின் வீடியோ வந்தது. டீச்சர் பையைக்கூடக் கீழே வைக்காமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ரீனாவைக் கிளெமென்ட் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டான். அமெரிக்காவிலிருந்து போன் வந்திருந்தது.

ஆட்டம் தொடங்கியது. எதிர் அணிக்காரன் கையை ஓங்கினான். தலை இருபத்தேழு பக்கம் திரும்பியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது பந்து வந்துகொண்டிருந்தது.

இருபத்தேழு அதுவரை பக்கத்து ஆளையே பார்த்துக்கொண்டு ஓடியவன், கடைசி நொடியில் திரும்பி, எம்பி, பாக்கி வைத்திருந்த எல்லாப் பந்துக்கும் சேர்த்துப் பிடிப்பதுபோல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்படியே திரும்பி மைதானத்தின் மறுகோடிக்கு ஓடினான். அவனைப் பிடிக்க ஆளில்லை.

டீச்சர் பையைக் கீழே வைத்தார்.

செத்த நேரத்தில் பந்து மறுபடி அவன் பக்கமே வந்தது. தட்டிவிட்டான். மறுபடி வந்தது. பிடித்தான். எறிகிறவன் ஒவ்வொரு தடவையும் மைதானத்தின் ஓரத்தைத் திரும்பிப் பார்ப்பதும், யாரோ சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் மாதிரி அதே பக்கம் எறிவதுமாக இருந்தான். ஆட்டம் முடிவதற்குள் கூட்டம் எழுந்து நின்று இருபத்தேழின் பெயரைச் சொல்லிக் கத்தியது. டீச்சருக்கு அந்தப் பெயர் விளங்கவில்லை, கண் நனைந்துவிட்டது.

"அந்தோணியாரே, ஒண்ணுதான கேட்டேன்" என்றார் மெதுவாக. "இப்படியா அள்ளிக் கொட்டுவீரு."

கண்ணாடி அறையில் கிளெமென்ட் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். வாய் அசையாமல் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெறும் தாளைக் கொடுத்த அன்று நின்ற அதே நிற்பு. ரீனா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"கிரெக்குதான?" டீச்சர் முகமெல்லாம் பூரிப்பு. "என்னவாம்? பயலச் சேத்துக்கிட்டாங்களா? ஒம்பதரைன்னு நான் சொன்னப்ப நம்புனாங்களா?"

ரீனா திரையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"அவரு இவனச் சேத்துக்க ரிப்போர்ட்டுக் கேக்கல டீச்சர். இவன்கிட்டயே பந்தப் போட்டுப் போட்டுத் தோத்துச்சுல்ல, அந்த டீமுக்குக் கோச்சே அவருதானாம்."