இல்லாத கோட்டைக்கு ஒரு ஜாகா

இருக்கிற கோட்டையைக் காவல் காத்தவர்கள் உலகத்தில் ஏராளம். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையைக் காவல் காத்து, அதற்குச் சம்பளமும் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கோட்டையார்தான். இதில் மறுபேச்சுக்கே இடமில்லை.

ஐம்பதுகளில், சிங்கப்பூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பெரிய தூண்கள் வைத்த தபால் கட்டடத்தில் நான் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசல் ஜாகா. காவல்காரரை அங்கே அப்படித்தான் சொல்வோம். அதே இடத்தில் ஒரு காலத்தில் ஆற்றைக் காக்க வெள்ளைக்காரன் கோட்டை கட்டியிருந்தான் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் தபாலாபீசுக்கு வேலைக்கு வரவில்லை, கோட்டைக்குத்தான் வந்தார்.

தபால்தலை வாங்க வருகிறவர்களை வழிமறித்து, "எங்க நிக்கிறீங்க தெரியுமா? பீரங்கி மேல!" என்பார். வந்தவர் துள்ளி நகர்வார். ஆற்றில் சரக்குப் படகு வந்தால் இவர் முறைத்துப் பார்த்துவிட்டு, கையை அசைத்து அனுமதி கொடுப்பார். சீனப் படகுக்காரர்களும் சிரித்தபடி பதிலுக்குக் கையை அசைப்பார்கள். உடனே என் பக்கம் திரும்பி, சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கில் கடைசியில் ஒரு 'லா' சேர்த்துச் சொல்வார்:

"பாத்தீங்களா தம்பி, நம்ம உத்தரவு இல்லாம ஒருத்தன் உள்ள வரமாட்டான் லா!"

பெண் பார்க்கப் போன வீட்டிலும் இப்படிப் பீரங்கி பேசினால் கல்யாணம் எப்படி நடக்கும்? பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயின. கடைசியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு வரன் வந்தது. பெண்ணை இவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"இதுவும் போச்சுன்னா நான் சாமியார்தான் தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது.

பெண்ணின் அப்பா அப்போதுதான் மதராசிலிருந்து வந்து இறங்கியவர். அவரிடம் இவர் வழக்கம்போல, "கோட்டையில வேலை மாமா" என்று சொல்லிவைத்தார். மதராஸ்காரருக்குக் கோட்டை என்றால் மந்திரிகள் உட்கார்ந்து ராஜ்யம் நடத்தும் இடம். அவர் குளிர்ந்துபோனார். மாப்பிள்ளை கோட்டையில் பெரிய உத்தியோகம் என்று தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் வரைக்கும் சொல்லிவிட்டார்.

ஒருநாள் மகளோடு நேரிலேயே வந்து நின்றார்.

"மாப்ளே, கோட்டை எங்க?"

"அதுமேலதான் நிக்கிறீங்க மாமா."

"இது தபாலாபீசுல்ல?"

"கோட்டைய இடிச்சு ரொம்ப காலமாச்சு லா."

"இடிச்சாச்சா! அப்ப நீங்க எதைக் காக்குறீங்க?"

கோட்டையார் நன்றாக யோசித்தார். "வாசலை" என்றார்.

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "விசாரிக்காம கோட்டை விட்டுட்டேனே! வாம்மா, போவோம்."

பெண் நகரவில்லை. கோட்டையாரைப் பார்த்து, "அந்தக் கோட்டை நிறைய சண்டை போட்டுச்சா?" என்று கேட்டாள்.

பெரிதாக எதையாவது அளந்துவிடுங்கள் என்று நான் தூணுக்குப் பின்னாலிருந்து கையைக் காலை ஆட்டினேன். எங்களிடம் தினமும் அளக்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொன்னார்.

"ஒரு சண்டையும் போடல. கோட்டையப் பெரிசாக்கணும்னு பக்கத்துல இருந்த பாறைக்கு வெடி வச்சாங்க. அதுல ஏதோ பழைய எழுத்து இருந்துச்சாம், யாருக்கும் படிக்கத் தெரியல. அந்தக் கல்லு ஒண்ணுதான் ஒடஞ்சுச்சு. மத்தபடி பாவம், ரொம்ப சாதுவான கோட்டை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்க விட்டா விடுங்கப்பா. இந்தக் கோட்டைய நான் புடிச்சுக்கிறேன்" என்றாள்.

தூணுக்குப் பின்னால் நான் ஆடியதைப் பார்த்துவிட்டாரோ என்னவோ, கல்யாணச் சாப்பாட்டில் மாமனார் என்னோடு பேசவேயில்லை. பாயசம் மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அறுபதுகளில் கோட்டையாரை வேறு ஆபீஸ் வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலை ஒரு படகுக்காரர் எங்கள் வாசலைப் பார்த்துக் கையை அசைத்தார். பதிலுக்கு அசைக்க ஆள் இல்லை. மறுபடியும் அசைத்தார். கடிதக் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், முடிந்தவரைக்கும் முறைத்துப் பார்த்து, கையை அசைத்து அவரை உள்ளே விட்டேன்.