மேவிஸ் மூச்சிழுத்த வரலாறு

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய காரியமில்லை. அந்தச் சக்கரங்களுக்கு மேலே, கூரையையும் தாண்டி, இஞ்சின் காற்றுக் குடிக்க ஒரு கறுப்புக் குழாயை நிறுத்தினானே, அதுதான் நாகரிகத்தின் உச்சம். ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மலைப்பக்கத்து டிங்கரா ஊரில் இந்த உச்சத்தைத் தொட்டவர்கள் பன்னிரண்டு பேர். 'டிங்கரா கரடுமுரடுப் பாதை ஊர்தியாளர் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊருக்குப் பெருமை சேர்த்து வந்தார்கள்.

தலைவர் நெவில் கிராடக். அவருடைய ஜப்பான் டீசல் ஜீப்புக்கு மேவிஸ் என்று பெயர். அவர் மகளைவிட அதற்கு வயது அதிகம். மாதக் கூட்டத்தில் ரொட்டிக்குள் சுருட்டிய சாஸேஜை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி நெவில் உரையாற்றுவார்.

"இஞ்சினுக்கு டீசல் சோறு. காத்துதான் உசுரு. பழைய வண்டி காத்தை எங்கேருந்து இழுக்குது?"

"மட்கார்டு உள்ளேயிருந்து, தலைவரே!"

"ஆத்துல இறங்கினா அங்கே என்ன இருக்கும்?"

"தண்ணி!"

"தண்ணி குடிச்ச இஞ்சின்?"

"செத்துப்போகும்!"

"அதனால மூக்கைத் தூக்கிக் கூரைக்கு மேல வை!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாகும். உரையில் ஒரு பிழை கிடையாது. பிழை மேவிஸிடம்தான் இருந்தது. அவளுக்கு மூக்கு கூரைக்கு மேலேதான் இருந்தது. நுரையீரலோடு அதற்குத் தொடர்பு இல்லை.

தொடர்பு உண்டாக்க மட்கார்டில் பெரிய துளை ஒன்று வெட்ட வேண்டும். வாராவாரம் மெழுகு போட்டுத் துடைத்த மட்கார்டு அது. டிரில் மிஷினைத் தூக்கிய அன்று மட்கார்டில் நெவிலின் முகமே பளிச்சென்று தெரிந்தது. கீழே வைத்துவிட்டார். குழாயை இருபக்கமும் ஒட்டும் டேப்பால் வெளியே ஒட்டினார். மேவிஸ் பழையபடி மட்கார்டுக்குள்ளிருந்தே மூச்சு வாங்கினாள். இந்த ரகசியம் நெவிலுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். 'ஆண்டின் சிறந்த சுவாசம்' கோப்பை வருஷம் தவறாமல் நெவில் வீட்டுக்கே வந்தது.

கோப்பைக் குழு கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பவர்கள் சங்க நாகரிகம் அறியாதவர்கள். குழு குழாயின் உயரம் பார்க்கும், பளபளப்பு பார்க்கும், 'கம்பீரம்' பார்க்கும். பானெட்டைத் திறக்காது. அடுத்தவன் பானெட்டைத் திறப்பது அடுத்தவன் வீட்டுக் குளியலறையை எட்டிப்பார்ப்பதற்குச் சமம். சங்கத்தின் சாகசப் பயணங்களும் பக்கத்து ஊர் பேக்கரி வாசல்வரைதான் போகும். அங்கே ஆறு ஓடவில்லை.

இந்தப் பொற்காலத்தில்தான் நெவிலின் மகள் ரோவீனாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை லாக்கியின் பண்ணை புல்லக் ஓடைக்கு அக்கரையில் இருந்தது. அக்டோபர் மாதம். மலைப்பனி உருகிக்கொண்டிருந்தபோது மழையும் சேர்ந்துகொள்ள, தாழ்வான பாலம் காலையில் காணாமல் போயிருந்தது. சுற்றுப்பாதையில் போனால் நாலு மணி நேரம். கல்யாணம் நடத்திவைப்பவர் அக்கரையில் தயாராக நின்றார். ஆனால் மூன்று மணிக்கு அவர் வேறு ஊரில் ஒரு சவ அடக்கத்துக்குக் கிளம்பியாக வேண்டும். இப்போது தாண்டினால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

ஊர் திரும்பிச் சங்கத்தைப் பார்த்தது. ஓடைக்கரையில் பன்னிரண்டு குழாய்கள் விறைத்து நின்றன.

தொழில்நுட்பச் செயலாளர் கெவ் பாஸ்கம் ஒரு கழியை விட்டு ஆழம் பார்த்தார். "ஹெட்லைட் வரைக்கும் வரும். நம்ம மேவிஸுக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா, தலைவரே? இறக்குங்க!"

நெவில் பின்னால் திரும்பிப் பார்த்தார். "நீ முன்னால போயேன், கெவ்."

"தலைவர் இருக்கும்போது நானா? மரியாதைன்னு ஒண்ணு இல்ல?"

"மர்லீன், நீ?"

பொருளாளர் மர்லீன் பதறிப்போனாள். "நேத்துதான் மெழுகு போட்டேன் நெவில். இன்னும் காயவே இல்ல."

ஒருவருக்கு முதுகுவலி. ஒருவர் கடைசியில் நின்று 'பாதுகாப்பு' பார்ப்பவர். தலைவரை முந்தக்கூடாது என்ற பண்பாடு அன்றுபோல் என்றும் ஓங்கியதில்லை.

"அப்பா, என்ன யோசனை? லாக்கி கை காட்டிக்கிட்டே இருக்கான், பாவம்" என்றாள் பின்சீட்டில் வெள்ளை உடையை மடியில் சுருட்டி வைத்திருந்த ரோவீனா.

நெவில் வண்டியை நகர்த்தினார். முன்சக்கரம் நனைந்தது. பிரேக்கை மிதித்துவிட்டார். நடு ஓடையில் இஞ்சின் நின்று, மகள் தண்ணீரில் மிதப்பதை மனக்கண்ணில் பார்த்துவிட்டார். மேவிஸ்மேல் அவருக்கு உயிர்தான். ஆனால் இந்தப் பெண்மேல் அதைவிட அதிகம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பின்னால் எடுத்து நிறுத்தினார். "ரோ, இறங்கும்மா. இது போகாது. குழாயைச் சும்மா ஒட்டி வச்சிருக்கேன்."

ரோவீனா இறங்கினாள். குழாயைப் பிடித்து இழுத்தாள். பர்ரென்று கையோடு வந்துவிட்டது.

"அப்ப வருஷா வருஷம் கோப்பை?"

"உயரத்துக்குக் குடுத்தாங்கம்மா."

உறுப்பினர்கள் எல்லாரும் அவரவர் பூட்ஸைக் குனிந்து ஆராய்ந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று நெவிலுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. அதற்குள் ரோவீனா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்மை வழிய வழியச் சிரித்தாள்.

"வெட்டுங்கப்பா!"

"மேவிஸையா?"

"மேவிஸையா, என் கல்யாணத்தையா? ரெண்டுல ஒண்ணை வெட்டித்தான் ஆகணும்."

டிரில் மிஷின் கேட்டதும் மற்ற பதினொரு வண்டியிலிருந்தும் பதினொரு மிஷின் வந்தது. எல்லாம் பிரிக்காத பெட்டியில். வட்ட ரம்பத்தை மாட்டி, கண்ணை மூடி, நெவில் அழுத்தினார். தகரம் அலறியது. அவரும் கூடவே அலறினார்.

பிறகு கை தானாக ஓடியது. பானெட்டைத் திறந்தார். காற்றை வடிகட்டும் ஃபில்டர் டப்பாவின் பழைய மூக்கைக் கழற்றி எறிந்தார். குழாயின் முழங்கையைத் துளைவழியே நுழைத்து, ரப்பர் ஹோஸால் டப்பாவோடு சேர்த்து, இரண்டு முனையிலும் கிளிப்பை முறுக்கினார். டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய இருந்த ரப்பர் நாக்கு வெடித்துக் கிடந்தது. அதன் ஓட்டையையும் இறுக அடைத்தார்.

கெவ் மெல்ல எட்டிப் பார்த்தார். "ஓ... உள்ளே இப்படித்தான் இருக்குமா?"

அவர்தான் கோப்பைக் குழுவின் நிரந்தர நடுவர்.

ரோவீனா இஞ்சினைக் கிளப்ப, நெவில் டயர்மேல் ஏறிக் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். மேவிஸ் திணறினாள், இருமினாள், நின்றுபோனாள். வேறு எந்தச் சந்திலிருந்தும் காற்று வரவில்லை! தன் வண்டி மூச்சடைத்து நின்றதற்காக இப்படிக் குதித்த மனிதனை டிங்கரா பார்த்ததில்லை.

ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் ஹெட்லைட்டை மூடி பானெட்மேல் ஏறியது. ரோவீனா ஊளையிட்டாள், நெவில் அதைவிட உரக்க ஊளையிட்டார். மேவிஸ் கூரைக்கு மேலிருந்து மலைக்காற்றை உறிஞ்சிக்கொண்டு அக்கரை ஏறினாள். லாக்கி கோட்டும் சூட்டுமாகத் தண்ணீரில் ஓடிவந்து கதவைத் திறந்தான். மூன்று மணிக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. நெவில் வெட்கமில்லாமல் அழுதார். மற்ற பதினொரு வண்டிகளும் சுற்றுப்பாதையில் வந்து சேர்ந்தபோது கேக் தீர்ந்திருந்தது.

மறுவாரம் சங்கத்தின் அவசரக் கூட்டம். கெவ் தலைமை. நெவில் கிராடக் தலைவர் பதவியிலிருந்தும் சங்கத்திலிருந்தும் நீக்கப்படுவதாக ஏகமனதாகத் தீர்மானம்.

நெவில் எழுந்தார். "துளை போடாம இத்தனை வருஷம் ஏமாத்தினதுக்குத்தானே? சரி, ஒத்துக்கறேன்."

"சேச்சே!" என்று கெவ் மனம் புண்பட்டவராகச் சொன்னார். "அதையெல்லாம் இங்கே யாரு மனசுல வச்சிருக்காங்க?"

"பின்னே என்ன குத்தம்?"

கெவ் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நீ ஆத்தைத் தாண்டிட்டே, நெவில். இனிமே ஊர்க்காரங்க எங்களையும் தாண்டச் சொல்வாங்களே!"