சகலைக்கு ஒரு சிபாரிசு

"பரண்ல சும்மாதானே கிடக்கு அந்தப் பெட்டி? என் தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கொடுத்துடலாமே," என்றாள் மனைவி.

தலைமை மெக்கானிக்குக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

சக்கரம் வைத்த அந்த நீலப் பெட்டியை அவர் ஆசை ஆசையாக வாங்கியதே வெளிநாடு போகத்தான். ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களை, வசதியில்லாத நாடுகளுக்கு இரண்டு வருஷம் அனுப்பிவைக்கிறது ஒரு தொண்டு நிறுவனம். அவரும் விண்ணப்பித்தார், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சகலையும் விண்ணப்பித்திருந்தான். "பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டார்கள். "முறைப்படி எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன்," என்றார் இவர். இவர் பெட்டி பரணுக்குப் போனது. சகலை அடுத்த சுற்றுக்குப் போனான்.

அந்த மகராசனோ இரண்டு வாரமாக மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். உள்ளே குதியாட்டம், வெளியே நடிப்பு! இவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

அன்று காலை ஆஸ்பத்திரி ஒர்க்‌ஷாப் போன் அடித்தது. எடுத்தால், அந்தத் தொண்டு நிறுவனத்து அம்மாள்.

"சார், உங்க சகலையைப் பத்தி விசாரிக்கணும். அவர் உங்க பேரைத்தான் கொடுத்திருக்கார். மனசுல பட்டதைச் சொல்லுங்க."

ஆஹா, தானாக வந்து மாட்டினானே! மெக்கானிக் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் வாயால சொல்லக் கூடாது மேடம். இருந்தாலும் சொல்றேன். புதுப் பார்ட்ஸுக்குக் காத்திருக்கிற பொறுமையே கிடையாது. ஓட்டை மெஷினைப் பிரிச்சு, அதுலேருந்து உருவி இதுல மாட்டிடுவான்."

"அப்படியா! அங்கே ஒரு பார்ட்ஸ் வர ஆறு மாசம் ஆகும் சார். ரொம்ப நல்லதாப் போச்சு."

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொழில் ரகசியம்னு ஒண்ணு தெரியாது. வாட்ச்மேன், வார்டு ஆயா, யார் வந்து நின்னாலும் கூடவே உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுத்துடுவான். நாளைக்கு இவனே தேவைப்படாமப் போயிடுவான்!"

"சார், எங்க நோக்கமே அதுதான்!"

மறுமுனையில் பேனா கரகரவென்று ஓடுவது கேட்டது.

"சரியான தூங்குமூஞ்சி மேடம். வெறுந்தரையில கூடத் தூங்குவான். எதைப் போட்டாலும் தின்பான்!"

"கட்டில் வரத் தாமதமாகும்னு கவலைப்பட்டேன். தீர்ந்தது."

அடிப்பாவி மகளே! இனி திட்டினால் வேலைக்காகாது, புகழ்ந்தாவது கவிழ்ப்போம் என்று கட்சி மாறினார் மெக்கானிக்.

"உண்மையைச் சொல்லிடறேன். அவன் இல்லேன்னா இந்த ஒர்க்‌ஷாப்பே நின்னுடும். தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிடாதீங்க."

அந்த அம்மாளுக்குக் குரல் தழுதழுத்தது. "இவ்வளவு தேவைப்படறவரைப் பத்தி ஒளிக்காம உள்ளதைச் சொல்லிட்டீங்களே, உங்களை மாதிரி பெரிய மனசு யாருக்கு வரும்! இப்படிப்பட்டவருக்கு இரண்டு வருஷம் பத்தாது சார். மூணுன்னு எழுதிக்கறேன்."

போன் வைக்கப்பட்டது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, மூன்று வருஷத்துக்கான உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு சகலை வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. உள்ளேயிருந்து மனைவி நீலப் பெட்டியைத் துடைத்து உருட்டிக்கொண்டு வந்தாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கை நீட்டினார்.

"வாழ்த்துகள்ப்பா. நம்ம குடும்பத்துக்கே பெருமை."

சகலை கையைக் கொடுக்கவில்லை. பெட்டியின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! ஏரோப்ளேன்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும். என் பொண்டாட்டிதான் விண்ணப்பத்தைப் போட்டு, நேர்காணலுக்கும் இழுத்துட்டுப் போனா. உங்க வயித்தெரிச்சலை நம்பித்தானே உங்க பேரைக் கொடுத்தேன்!"