பதினான்காம் நம்பர் சட்டை

கையெழுத்துப் போட உட்கார்ந்து அரைமணி நேரமாகியும் எலோய் பாரெனா பேனா மூடியைத் திறக்கவில்லை.

வில்யார்சோ கால்பந்துக் கிளப்பின் கடையில் இரண்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் எலோய். பதினோரு வருடமாக அங்கே பதினான்காம் நம்பர் தடுப்பாட்டக்காரன். வயது முப்பத்து நாலு, ஒப்பந்தம் ஜூனோடு சரி. கல்லாவை ஒட்டிய மற்ற மேஜை டாரியோவுக்கு. போன வருடம் வந்து பதினெட்டு கோல் அடித்தவன். ஆள் இன்னும் வரவேயில்லை. ஆனாலும் அந்தப் பக்க வரிசை ரொட்டிக்கடை வரை நீண்டிருந்தது. எலோய் முன்னால் ஈ கூட இல்லை.

கிளப்பின் புது இயக்குநர் சால்செதோ ஒரு மணிக்கு வருகிறார். "ஜனங்களுக்குப் பிடிச்சவங்களைத்தான் வெச்சுக்குவேன்" என்று அவர் ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து எலோய் ரேடியோ பக்கமே போவதில்லை.

மேஜைக்கடியில் குனிந்து, மதுக்கடை நடத்தும் மச்சானுக்குப் போன் போட்டான்.

"ஃபெர்மின், உன் கடையில யாரு இருக்கா?"

"சீட்டாடுற பெருசுங்க ஒம்பது பேரு. ஏன் மச்சான்?"

"அப்படியே ஓட்டிட்டு வா. ஆளுக்கொரு பதினாலாம் நம்பர் சட்டையோட என் முன்னால நிக்கணும்!"

பத்தே நிமிடத்தில் பெருசுகள் வந்து, வரிசையை இடித்துத் தள்ளி அலமாரியிலிருந்த பதினான்காம் நம்பர் சட்டைகளை உருவின. கூட்டம் கத்தியது. கல்லாவிலிருந்த மைத்தே யாரிடமோ போனில் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தவர் பசிலியோ. "ஏம்பா, நீதான் கோல்கீப்பரா?"

"இல்லைங்க, டிஃபென்ஸ்."

"அட! நம்ம கோலுக்குள்ளயே அடிச்சியே, அவனா நீ!"

அவருக்குப் பின்னால் சால்செதோ நின்றுகொண்டிருந்தார்.

எலோய் வரிசையில் நின்ற தலைகளை எண்ணினான். ஒன்பது கையெழுத்தும் தீர்ந்துவிட்டால்? பசிலியோவின் காதில் கிசுகிசுத்தான். "தொப்பிய மாத்திக்கிட்டு இன்னொரு சுத்து வாங்க ஐயா."

மாற்றிக்கொண்டார்கள், ஒருவர் தொப்பியை இன்னொருவர். இரண்டாவது சுற்றில் பசிலியோ சலித்துக்கொண்டார். "இன்னும் எத்தனை தடவப்பா சுத்தணும்? கடையில வெச்சுட்டு வந்த வெர்முத் சரக்குல போட்ட ஐஸெல்லாம் கரைஞ்சிருக்கும்!"

சால்செதோவின் முகம் இறுகியது. "பாரெனா, யாரு இவங்கல்லாம்?"

"என்... ரசிகர்கள்."

"அப்படியா? திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க, பேசுவோம்."

முடிந்தது என்று எலோய்க்குத் தெரிந்துவிட்டது. மனைவியிடம் எப்படிச் சொல்வது? பந்தை உதைப்பதைத் தவிர வேறென்ன தெரியும் அவனுக்கு?

சால்செதோ கல்லாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மைத்தே, அந்த வரிசை ஏம்மா நகரவே மாட்டேங்குது?"

மைத்தே போனை வைத்துவிட்டு அழாக்குறையாகச் சொன்னாள்:

"காலையில டாரியோ எதிரி கிளப்புக்கு ஓடினதும், இத்தனை பேரும் அவன் சட்டையத் திருப்பிக் குடுத்துட்டு எலோய் சட்டைதான் வேணும்னு நிக்கிறாங்க சார், இருந்த ஒம்பதையும் இந்தப் பெருசுங்க உருவிட்டுப் போயிடுச்சுங்க!"