பயனில்லாத குழியில் ஒரு சிட்டிகை

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அடையாறு கைவினை, வடிவமைப்புக் காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் செல்வி மஹதி அவர்களுக்கு,

சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குத் தங்கள் கூடத்தில் விளக்க அட்டைகளை, சிறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர்களுக்காக உரக்க வாசிக்கும் தன்னார்வலர் சுந்தரராமன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி ஜானுவும் நலம். எனக்குப் பிடித்த ஜலதோஷம் மட்டும் பத்து நாளாக விடவில்லை. தாங்களும் தங்கள் பெற்றோரும் காட்சிப்பொருள்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். அவற்றில் ஒன்றின் நலம் குறித்துத்தான் இக்கடிதம்.

தாங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய மன்னிப்புக் கடிதம் நேற்று வந்தது. "நான் கோயில் திருநீற்றை இட்டு, 'வெறுமை ஏழு' என்னும் படைப்பின் கருத்தைச் சிதைத்தேன், அதற்காக வருந்துகிறேன்" என்பதன் கீழே நான் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் தன்னார்வலர் அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்று கண்டிருந்தது. ஆவணக் காப்பகத்தில் முப்பத்தோராண்டு அட்டவணை எழுதியவன் நான். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழக்கம். நேற்றும் பேனாவைத் திறந்துவிட்டேன். பிறகு மூடினேன். எழுபத்துமூன்று வயதில் முதன்முறையாக ஒருவருக்கு "மாட்டேன்" என்று எழுதுகிறேன். எழுதியபின் றன்னகரமா டண்ணகரமா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருக்கிறது. மாட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சென்ற சனிக்கிழமை காலை வழக்கம்போல் கோயிலுக்குப் போனேன். தெரிந்த குருக்கள், தாராளமாக ஒரு பொட்டலம் விபூதியே மடித்துக் கொடுத்தார். அங்கிருந்து வரும் வழியில் ஷரஃபுதீன் பாயின் நாட்டு மருந்துக் கடையில் ஜலதோஷத்துக்குச் சுக்குப்பொடி ஒரு பொட்டலம் வாங்கினேன். பிரசாதம் சட்டைப் பையில், மற்றதெல்லாம் துணிப்பையில். இது என் முறை. முப்பது வருடமாக மாறியதில்லை. பஸ்ஸில் நெரிசல். கூடத்துக்கு வந்து முதல் அட்டை, இரண்டாம் அட்டை என்று வாசித்துக்கொண்டு திரு. அனிருத் அவர்களின் 'வெறுமை ஏழு' முன்னால் நிற்கும்போது, சட்டைப் பையில் பொட்டலம் பிரிந்து பொடி கொட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அள்ளினேன். கை நிறையப் பொடி. பிரசாதத்தைத் தரையில் போடலாமா? எதிரே அந்தப் படைப்பு, நாலுபட்டைக் கருங்கல் தூண். அதில் இடுப்புயரத்தில் ஒரு குழி. என் கை அதற்குள் போயிற்று. நான் போகச் சொல்லவில்லை. ஐந்து வயதிலிருந்து எஞ்சிய விபூதியைக் கோயில் தூண் குழியில் போட்டுப் போட்டு, கல் தூணைக் கண்டால் கைக்கு நான் தேவைப்படுவதில்லை. போட்டபின் விரலை நெற்றியிலும் தடவிக்கொண்டேன். எல்லாம் ஒரு நொடி. அதன்பின் அட்டையை விட்ட இடத்திலிருந்து உரக்க வாசித்தேன்: "இக்கலனுக்குப் பயன் ஏதும் இல்லை. பயனை மறுப்பதே இதன் வடிவம்."

இதற்குமேல் நடந்ததில் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறதா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அபிராமபுரத்து மாமி ஒருவர் முன்னால் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, குழியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வியர்த்த நெற்றியில் இட்டுக்கொண்டார். ஒரு நிமிடம் கண்ணை மூடியபடி நின்றார். பிறகு, "மாமா! மூணு நாளா மண்டையைப் பொளந்துண்டிருந்தது. இட்டுண்ட உடனே சுரீர்னு ஏறித்து பாருங்கோ, அப்படியே விட்டுடுத்து! இது என்ன க்ஷேத்திரம்?" என்று கேட்டார்.

"க்ஷேத்திரம் இல்லை அம்மா, வடிவமைப்பு" என்றேன்.

"வடிவீஸ்வரரா? கேள்விப்பட்டதே இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்துத் தங்கைக்குச் சொன்னார். தங்கை நாட்டியப் பள்ளியில் யாருக்கோ சொல்லியிருக்கிறார். பதினொன்றரைக்கு வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. கூடத்துக்குள் அன்றைக்கு இருந்த மூங்கில் நாற்காலி, காகிதப் பானை, கண்ணாடிப் புடவை எல்லாவற்றையும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள், ஏனென்றால் வரிசை அவற்றைச் சுற்றித்தான் போயிற்று. வலமாக. அதையும் நான் சொல்லவில்லை. தங்கள் காவலர் வெள்ளைத்துரை என்னிடம் ஓடி வந்து, "இன்னா சாரே, குந்த வச்ச எடத்துலயே கோயிலு கட்டிக்கினியா? மேடம் என்னியதான் திட்டும்!" என்று கோபித்தார். ஆனால் அவரே இரண்டு நிமிடம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "பொண்ணுக்குப் பரிச்சை கீது சாரே. தோ, ஒரே ஒரு சிட்டிகை" என்று காகிதத்தில் மடித்துக்கொண்டார். மடிக்கும்போது நாலு தும்மல் தும்மினார். தும்மலையும் சகுனமாக எடுத்துக்கொண்டு, நல்லதா கெட்டதா என்று வரிசையில் விவாதம் நடந்தது. அப்போதுதான் திரு. அனிருத் வந்தார். தூணின் உச்சியில் செவ்வந்திப்பூ, அடியில் இரண்டு வாழைப்பழம். "அங்கிள், என் பீஸையே கொன்னுட்டீங்களே!" என்றார். பாவம், குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் எனக்கு ஜலதோஷம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது என் தரப்பு. தங்கள் கூடத்தின் நுழைவாசலில், நானே சனிக்கிழமைதோறும் முதலில் வாசிக்கும் வாசகம் இது: "கைவினை என்பது கை நினைவில் வைத்திருப்பது." ஆறு மாதமாக உரக்க வாசிக்கிறேன். அது உண்மை என்றால், அன்றைக்கு என் கை எதை மறந்தது? கருங்கல்லில், நாலுபட்டையில், இடுப்புயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு குழியைக் குடைந்து தென்சென்னையில் நிறுத்திவிட்டு, அதற்குப் பயன் இல்லை என்று அட்டையில் எழுதினால், அட்டையை நம்புவதா, குழியை நம்புவதா? நான் வாசிக்கத் தெரிந்தவன், என் கைக்குத்தான் வாசிக்கத் தெரியாது. கருத்தைச் சிதைத்தேன் என்கிறீர்கள். நான் சிதைக்கவில்லை, அம்மா. யாருக்கும் வேண்டாம் என்று நின்ற ஒரு பொருளுக்கு ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். வேலை கிடைத்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. இதெல்லாம் தவறான வாதமாகவும் இருக்கலாம். நான் படித்தது வரலாறு, வடிவமைப்பு அல்ல. ஆனால் தவறாகவே இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜானு, "போட்டுக் குடுத்துட்டு வாங்கோளேன். சனிக்கிழமை காத்தால நீங்க ஆத்துல உக்காந்திருந்தா எனக்கு ஒரு வேலை ஓடாது" என்கிறாள். அவளுக்கு வேறு கோபமும் இருக்கிறது. ஷரஃபுதீன் பாய் கொடுத்த சுக்கில் காரமே இல்லை, மூன்று நாளாகச் சுக்குக் காபி சப்பென்று இருக்கிறது, நான் ஏமாந்துவிட்டேன் என்கிறாள். அது இக்கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

எனக்கும் அந்த அட்டை வேண்டும். மறைக்கவில்லை. ஓய்வுபெற்றபின் என் பெயரைச் சட்டையில் குத்திக்கொள்ள வேறு யாரும் கொடுக்கவில்லை. அதில் 'சுந்தர்ராமன்' என்று ஒரு புள்ளி அதிகமாக இருப்பதைக்கூட, சொல்லக் கூச்சப்பட்டு ஆறு மாதமாக அணிந்தேன். பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர், "நீ பட்ச்சாதான் சாரே எனுக்குப் புரியுது" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். அவரிடம் மட்டும் தாங்களே காரணம் சொல்லிவிடுங்கள். அட்டையை இத்துடன் இணைத்துள்ளேன். பொய்க்குக் கையெழுத்திட்டு அதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தங்கள் கூடம் மேன்மேலும் வளரவும், திரு. அனிருத் அவர்களுக்கு 'வெறுமை எட்டு' நல்லபடியாக அமையவும், தங்களுக்கு விரைவில் சகல மங்களமும் கூடவும் மனமார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன், ஆனால் மாட்டேன் என்று சொல்லும்
சுந்தரராமன்
(இரண்டு புள்ளிதான்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஜானு கடைவீதியிலிருந்து திரும்பினாள். மிச்சப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போடப் போயிருந்தாள். ஷரஃபுதீன் பாய் முகர்ந்து பார்த்து, நாக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமி, இது எங்க கடைச் சரக்கே இல்ல. நீங்க நெத்தில பூசுவீங்களே, அந்த திருநீறு. மாமா மூக்கு அடைச்சுக்கிட்டு வந்தாரு, கைக்குட்டை எடுக்கறப்போ பொட்டலத்தை மாத்தி வச்சிருப்பாரு" என்றாராம். ஆக மூன்று நாளாக நான் குடித்தது விபூதி. ஜலதோஷம் ஏன் விடவில்லை என்பதும், மாமியின் தலைவலி ஏன் விட்டது என்பதும், வெள்ளைத்துரை ஏன் தும்மினார் என்பதும் இப்போது விளங்குகிறது. தங்கள் கடிதத்தில் "கோயில் திருநீற்றை இட்டு" என்று இருப்பது பிழை, சுக்குப்பொடி. பிழையான ஆவணத்தில் நான் எப்படிக் கையெழுத்திடுவேன்? மாட்டேன். திருத்தி அனுப்பினால் யோசிக்கிறேன். அட்டையை உறைக்குள் வைக்கச் சட்டையிலிருந்து கழற்றினேன். ஊக்கு வளைந்துவிட்டது, தபாலில் கிழித்துக்கொண்டு வரும். சனிக்கிழமை நேரில் கொண்டுவருகிறேன். பத்து மணி ஆகிவிட்டால், வாசித்து முடித்துவிட்டுத் தருகிறேன். அபிராமபுரத்து மாமியிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.