அந்தக் காலத்து அன்பு, ஐந்தாவது மாடி

மனிதகுலம் தொலைத்த அன்பை மீட்டுத் தந்த பெருமை, டோக்கியோவில் எங்கள் இசை நிறுவனத்தின் ஐந்தாவது மாடியையே சேரும். இதை அடக்கத்துடன்தான் சொல்கிறேன். நான் அங்கே 'பழமைப் பிரிவு'க்குத் துணை மேலாளர்.

எங்கள் 'பச்சை டெலிபோன்' குழுவின் புதிய ஆல்பத்துக்கு 'அந்தக் காலத்து அன்பு' என்று பெயர். எல்லாம் எண்பதுகளின் பாணி. குழுவில் நால்வர்; நால்வருமே எண்பதுகள் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள். ஆகவே பழமை எப்படி இருக்க வேண்டும் என்பதை நாங்கள் கூட்டம் போட்டு முடிவு செய்தோம். பாட்டின் பின்னால் இரைச்சல் வேண்டும், ஆனால் இரைச்சல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

பின்னணி பாட குராமோச்சி ஹட்சுயே அம்மாவை அழைத்து வந்தது குழுவின் பாடகி நகிசா. அம்மா எண்பதுகளில் பல பிரபலங்களுக்குப் பின்னால் நின்று பாடியவர். இசைத்தட்டு அட்டைகளில் 'மற்றும் பலர்' என்று வருமே, அதில் அவரும் உண்டு. இப்போது பக்கத்து ஊரான கவகுச்சியில் சலவைக் கடை வைத்திருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். நன்றாக இனித்தது.

அம்மா பாடி முடித்ததும் இயக்குநர் தொதொரோகி தொண்டையைச் செருமினார்.

"குரல் அருமைம்மா. ஆனா பழசா இல்லையே."

"அறுபத்தஞ்சு முடிஞ்சிருச்சு தம்பி. இன்னும் எவ்வளவு பழசாகணும்?"

"வயசு வேற, பழமை வேற. குபோத்தா, நம்ம குரலைப் போடுப்பா."

ஒலிப்பதிவாளர் குபோத்தா கணினியைத் தட்டினார். எந்த வரியைக் கொடுத்தாலும் அந்தக் காலத்துப் பெண்ணைப் போலப் பாடும் செயலி ஒன்று அதில் இருந்தது.

"அம்மாவே அந்தக் காலத்துல பாடினவங்கதானே சார்?" என்றாள் நகிசா.

"பாடினாங்க. அப்புறம் இந்த வருஷம் வரைக்கும் வந்துட்டாங்களே. இது பாரு, அங்கேயே நிக்குது."

இந்த வாதத்தின் ஆழத்தை நான் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அம்மா கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இந்தத் தடவையாவது அட்டையில பேரு வருமா தம்பி? எங்க வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தேடினார். நான் பாடினேன்னே அவர் நம்பல."

"பரிசீலிக்கிறோம்," என்றார் இயக்குநர்.

முகத்துக்கு நேரே 'முடியாது' என்பது அநாகரிகம். நாங்கள் பரிசீலிப்போம், எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு கிளம்புவார். அம்மா புரிந்துகொண்டார்.

நகிசாவுக்குத்தான் புரியவில்லை. "உண்டா, இல்லையா சார்?"

"நகிசா, விருந்தாளி கிளம்பறாங்க."

விடைகொடுப்பதில் நாங்கள் குறை வைக்கவில்லை. லிஃப்ட் வாசலில் வரிசையாக நின்று, இடுப்பு மடியக் குனிந்து, கதவு மூடும்வரை தலை நிமிராமல் இருந்தோம். நிமிர்ந்தபோது வரிசையில் நகிசா இல்லை.

"எங்க போனா?"

"லிஃப்ட்லயே போயிருப்பா சார்."

"யாருமே பாக்கலையா?"

"மரியாதை பண்ணிட்டு இருந்தோமே சார்."

தொலைபேசியில் கிடைத்தாள். "கீழ காபிக் கடையில இருக்கோம் சார். அவங்க குரலும் பேரும் இருந்தா மேல வரேன்."

"ஒரு சலவைக் கடைக்காரம்மாவுக்காக ஆல்பத்தையே விடுவியா?"

"தனியா கீழ போனாங்க சார். பாத்துக்கிட்டு நிக்க முடியல."

நிலைமையை ஆராய என்னை அனுப்பினார்கள். ஒரே புட்டிங்கை இரண்டு கரண்டிகளால் சாப்பிட்டபடி, அம்மா மேல் குரலிலும் நகிசா கீழ்க் குரலிலுமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வானொலியை அணைத்திருந்தார். 'மேற்படி நபர் திரும்பும் நிலையில் இல்லை' என்று அறிக்கை தந்தேன்.

நெருக்கடி நாகரிகமாகத் தீர்ந்தது. நகிசாவின் வரிகளையும் குபோத்தா செயலியிடமே கொடுத்தார். மேளமும் கிட்டாரும்கூட அதற்குத் தெரிந்திருந்தன. மற்ற மூவரின் கைகளை வீடியோவுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டோம். நகிசாவுக்கு 'உடல்நலக் குறைவு' என்று உலகுக்கு அறிவித்தோம்.

வெளியீட்டுக்கு முன், வழக்கப்படி, விற்பனை வேண்டிக் கோயிலுக்குப் போனோம். "பாடினவங்க முன்னால வந்து உக்காருங்க," என்றார் பூசாரி. இயக்குநர் கண்ணைக் காட்ட, குபோத்தா மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தார். பூசாரி கொஞ்சம் தயங்கினார். பிறகு வெள்ளைக் காகிதக் கீற்றுகள் தொங்கும் பூசைக் கோலை அதன் தலைக்குமேல் அசைத்து, பாடியவர் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டிக்கொண்டார்.

வேண்டுதல் பலித்துவிட்டது. இன்றுவரை பாடியவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. தும்மக்கூடிய யாரையும் 'அந்தக் காலத்து அன்பு'க்குள் நாங்கள் விட்டுவைக்கவில்லை.